இரண்டாம் பாகத்துக்கு வந்த மதிப்புரை

அப்பாவின் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தால் முதலில் வருவது கட்டிங் ஆயில் வாசம்தான். பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு, மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும், விரல் இடுக்குகளில் தங்கிப்போன அந்த எண்ணெய் கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவே இறங்கிவிடும். மத்தியான வேளைகளில் மானிட்டரின் சூட்டோடு சேர்ந்து அறை முழுக்க மணக்கும்.

கணபதி என்ற பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டியே பட்டறை இருந்தது. நான்கு லேத்துகள், பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடையும் வேலை, அப்பாவும் சித்தப்பாவும் ஆறு ஆட்களும். டிராயிங் போடுவதற்கும் பில் அடிப்பதற்கும் என்று தொண்ணூறுகளின் நடுவில் அப்பா வாங்கிய அந்தக் கம்ப்யூட்டரை அம்மா "பொட்டி" என்றுதான் சொல்வாள். அதைப் பொருத்த வந்தவர் சும்மா இருக்கட்டும் என்று ஏற்றிவிட்டுப் போன ஒரு விளையாட்டில் அப்பா விழுந்துவிட்டார். ஒரு கிரகத்தில் தொடங்கி, பயிர் வைத்து, தொழிற்சாலை கட்டி, கப்பல் செய்து, அடுத்த நட்சத்திரங்களில் ஆட்களைக் குடியேற்றி, எதிர்ப்படுகிற வேற்றுக்கிரகத்தாரோடு சண்டையோ சமாதானமோ செய்துகொண்டு, கடைசியில் வானத்தையே பிடிக்க வேண்டும். ஓர் ஆட்டம் முடிய ஒரு மாதம்கூட ஆகும். எங்கள் வீட்டில் அதற்குக் "கிரகத்து ஆட்டம்" என்று பெயர்.

ஐ.டி.ஐ. படித்த அப்பாவுக்கு மிஷின் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் தெரியும். மற்றதை இங்கிலீஷ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த நான் வாசித்துச் சொல்ல வேண்டும். கிரகங்களுக்கு நம் இஷ்டப்படி பேர் வைக்கலாம் என்று நான் கண்டுபிடித்துச் சொன்ன நாளில் எங்கள் தலைநகரம் அவிநாசி ஆனது. அம்மா பிறந்த கிணத்துக்கடவு, தண்ணீர் நிறைந்த ஒரு நீலக் கிரகமானது.

"அவிநாசியில ஆள் பத்தல அம்மணி, கிணத்துக்கடவுலருந்து ரெண்டு கப்பல் அனுப்பு" என்று என்னிடம் சொல்வார் அப்பா.

"ஏனுங்க, எங்கப்பனூட்டு ஆளுகள எங்கீங்க ஏத்தி அனுப்பறீங்க?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

அந்த விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தியை, தபாலில் மாதாமாதம் வரும் கம்ப்யூட்டர் பத்திரிகையில் நான்தான் முதலில் படித்தேன். அதிலிருந்து ஒரு வருஷத்துக்குமேல், ஒவ்வோர் இதழ் வந்ததும் "ரெண்டாவதப் பத்தி எதாச்சும் போட்டிருக்குதா?" என்று கேட்பது அப்பாவின் வழக்கமாகிவிட்டது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த வருஷம், பங்குனியில் ஒரு காலைப்பொழுது, லேத்தின் முன்னால் நின்றிருந்த அப்பாவின் வலது கையிலிருந்து மிஷினை முடுக்கும் சாவி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது. கையும் காலும் மெதுவாக வரும், மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பா அதை நம்பவில்லை. பத்து வருஷமாக வந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கைக்காரரின் பேர் ஒருநாள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை; அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

பட்டறையைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். ஆனாலும் அளவு பார்ப்பதில் அப்பாவின் துணை இல்லாமல் அவருக்கு ஓடாது. "எப்பங்ணா வாரீங்க?" என்று தினமும் கேட்பார். ஒருநாள் அப்பா சொன்னார்: "அந்த ரெண்டாவது பாகம் வரட்டும்டா. அத ஆடி ஜெயிச்சுட்டன்னா மூளை நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அடுத்த நாளே பட்டறைக்கு வாரேன்." எல்லோரும் சிரித்தோம். வேடிக்கையாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம்.

ஆடி மாதத்தில் பெங்களூரிலிருந்த சின்ன மாமா அந்த இரண்டாம் பாகத்தின் சி.டி.யை வாங்கி அனுப்பினார். அதே வாரத்தில் பத்திரிகையும் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கி, பட்டறை வாசலருகே நின்றபடியே உறையைக் கிழித்துப் படித்தேன். ஒரு முழுப் பக்கத்துக்கு மதிப்புரை, மேலே ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றுக்குத்தான் கறுப்பு அடித்திருந்தது. முதல் பாகத்தின் அழகையெல்லாம் அட்டவணைகளுக்கு அடியில் போட்டுப் புதைத்துவிட்டார்கள். பல வருஷம் ஆடித் தேர்ந்தவர்களுக்கே என்ன நடக்கிறதென்று விளங்காது. கூடக் கொடுத்திருக்கும் புத்தகம் ஒன்று சொல்கிறது, விளையாட்டு வேறொன்று செய்கிறது. நாம் கட்டளையிட்டாலும் இடாவிட்டாலும் அது தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதை எழுதியவர் வரிக்கு வரி திட்டியிருந்தார்.

உள்ளே போனேன். அப்பா இடது கையில் மவுஸைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்; நோயில் விழுந்த பிறகு அன்றுதான் அவரை வீட்டுக்குள் சட்டையோடு பார்த்தேன்.

"என்ன போட்டிருக்குது அம்மணி?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். "முதல் பாகத்தவிட நல்லாருக்குதாமுங்கப்பா." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னும் கேட்க ஆசையாகப் பார்த்தார், நானும் வளர்த்தேன். "ரொம்ப சுலபமாமுங்க. முதல் பாகம் ஆடுனவங்களுக்கு ஒரே நாள்ல புடிபட்டுருமாமுங்க."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவர் குரல் ஒலித்து மாதக்கணக்காகியிருந்தது.

அடுத்த மூன்று வாரங்கள் ஒவ்வொரு மத்தியானமும், கைகால் பயிற்சி முடிந்ததும் அவர் போய் உட்காருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் பக்கத்தில் உட்காருவேன். புதிய வானத்திலும் அவிநாசிதான் தலைநகரம். ஆனால் அங்கே விளைச்சல் இருந்தும் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள்; ஏன் என்று திரை சொல்லவில்லை. அனுப்பிய கப்பல்கள் போய்ச் சேரவில்லை. அப்பா வேண்டாமென்று நிறுத்திய தொழிற்சாலை மறுநாள் தானாகவே ஓடியது. தொண்ணூறு பக்கப் புத்தகத்தை நான் வரிவரியாக வாசித்துச் சொல்ல, அவர் இடது கையால் கோணல்மாணலாகக் குறிப்பு எழுதிக்கொண்டார்.

"எனக்கும் புரியலீங்கப்பா" என்றேன் ஒருநாள்.

"நீ கொழந்த கண்ணு. உனக்கெப்படிப் புரியும்?" என்றவர் சற்று நேரம் கழித்து, "அந்தப் பத்திரிகையில ஒரே நாள்னுதான போட்டிருக்குது? இன்னொருக்கா படி" என்றார்.

பத்திரிகையை எடுத்து வந்து, ஒரு நட்சத்திரம் போட்ட அந்தப் பக்கத்தைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு, அதில் இல்லாத வாக்கியத்தை மறுபடியும் வாசித்தேன். அந்த மூன்று வாரத்தில் அப்படி மூன்று தடவை வாசித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஒவ்வொரு தடவையும் முந்தைய பொய் குறுக்கே நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் சித்தப்பாவைக் கூப்பிட்டு, பட்டறையை விலைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா இப்படிச் சொல்றீங்க? கைதான் வந்துட்டு இருக்குதில்லீங்க?"

"கை வரும்டா. தலை போச்சு. ஒரே நாள்ல புரியும்னு போட்டிருக்கறான், மூணு வாரமா எனக்கு ஒண்ணும் புடிபடல. நாளைக்கு நான் பாட்டுக்குத் தப்பா ஒண்ணச் சொல்லி, எவன் கையாவது மிஷினுக்குள்ள போயிருச்சுன்னா அவன் புள்ளைகளுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

சித்தப்பா எவ்வளவோ மன்றாடினார். அப்பா தணிந்த குரலில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுந்து உள்ளே போய், நான் சொன்னது பொய் என்று சொல்ல எனக்குப் பத்தடி தூரம்கூட இல்லை. நான் பாடத்தை எழுதிக்கொண்டே இருந்தேன். மிஷின்களை ஏற்ற லாரி வந்தது ஒன்பது நாள் கழித்துத்தான். அந்த ஒன்பது நாளும் நான் பள்ளிக்கூடம் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். நான்காவது லேத்தைச் சங்கிலி போட்டுத் தூக்கும்போது அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மிஷின் பெட்டுல அடிபடாமப் பாத்துத் தூக்குங்கப்பா" என்று ஏற்றுகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார்.

தீபாவளி கழிந்து வந்த இதழில் வாசகர் கடிதங்கள் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. எல்லாம் அந்த இரண்டாம் பாகத்தைப் பற்றியவை. ஒன்றுமே புரியவில்லை என்று கல்லூரி வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார். தயாரித்தவர்களே பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள் என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது. அப்பா பழக்கத்தில் "என்ன போட்டிருக்குது?" என்றார். நான் இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி வாசித்தேன். பிறகு பழைய இதழை எடுத்து வந்து, அந்த மதிப்புரையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது, நிறுத்தாமல் வாசித்தேன்.

"அப்ப எனக்கு மட்டும் இல்லியா?" என்றார் அப்பா முதலில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. வலது கையைத் தூக்கித் தன் முன்னால் வைத்து, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பட்டறை இருந்த பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"போனது போச்சு, உடு" என்றார். "இத யாருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மணி. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவ மனசு தாங்காது. உன்னையப் பேசிப்போடுவா."

அதற்குப் பிறகு அவர் பதினான்கு வருஷம் இருந்தார். கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. கிணத்துக்கடவில் பெரிய மாமா வைத்திருந்த இரும்புச் சாமான் கடைக்குத் தினமும் பஸ் ஏறிப் போய்வந்தார். தேய்ந்த போல்ட்டைக் கொண்டுவந்து நீட்டினால், விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு அளவு சொல்வார். அது தப்பி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவர் மூளையில் எந்தப் பழுதும் இல்லை என்பதை, அந்தக் கடைக்குப் போகிறபோதெல்லாம் நான் நின்று பார்த்திருக்கிறேன். அவர் மறுபடியும் எந்த விளையாட்டும் ஆடவில்லை. பட்டறையை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கை சரியா வரலீங்க" என்று சொல்லிவிடுவார். நான் பக்கத்தில் இருந்தால் என் பக்கம் பார்க்கமாட்டார்.

இன்று பட்டறை இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. லேத்துகள் நின்ற தரையில் கார்கள் நிற்கின்றன. அந்தப் பத்திரிகை நின்று பல காலமாகிவிட்டது. அந்த இரண்டாம் பாகத்தை ஞாபகம் வைத்திருப்பவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. சித்தப்பாவும் போய்விட்டார், கடைசிவரை காரணம் தெரியாமலே. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எழுபத்தாறு வயது, கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நான் எழுதி அச்சில் வருவது எதுவானாலும், காலையில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிக்கிறாள்.

இதையும் படிப்பாள்.