காய்த் தகடு

அடையாற்றங்கரையில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் விருந்து என்றால், காலையிலேயே இரண்டு இரும்புத் தகடுகள் கழுவி வெயிலில் சாய்த்து வைக்கப்படும். தகடு முழுக்கச் சுண்டுவிரல்கூட நுழையாத சிறு துளைகள். வெறும் கம்பிமேல் மீனைச் சுட்டால் வெந்ததும் உடைந்து தணலில் விழுந்துவிடும். தகட்டில் வைத்தால் விழாது, எண்ணெய் மட்டும் துளை வழியே சொட்டும், புகை மேலேறி மீனில் பிடிக்கும். ஒன்று மீனுக்கு, மற்றது காய்க்கு. மாறிவிடக் கூடாதென்று காய்த் தகட்டின் மூலையில் என் நாத்தனார் ஆணியால் கீறி வைத்திருந்தார்.

அவர் என் கணவருக்கு மூத்தவர். புருஷனைக் கடல் கொண்டுபோனபின் குப்பத்தில் எங்களோடுதான் இருந்தார். துரை வீட்டில் தோட்டத்து அடுப்பு அவர் பொறுப்பு. கல்யாணமாகி வந்த கையோடு என்னையும் காய் நறுக்கவும் தணல் விசிறவும் சேர்த்துக்கொண்டார். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அன்று சாயங்கால விருந்துக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு வக்கீல் ஐயர் வந்திருந்தார். துரையின் வழக்குகளைப் பார்க்கிறவர். வெள்ளைக்காரர் மேசையில் அவர் சாப்பிட உட்காருவது அதுதான் முதல் தடவை என்று பட்லர் எங்களிடம் சொல்லியிருந்தார். உட்காருவதற்கு முன் வக்கீல் புல்தரையைக் கடந்து நேராக அடுப்பண்டை வந்தார். மீன் வாசனைக்கு மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

"இந்தக் காயெல்லாம் தனியாத்தானே வேகறது? மீன் பட்ட தகடு இல்லையே?"

"தனிதான் சாமி. தகடே வேற" என்றார் அக்கா. வக்கீல் தலையசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கத்தரிக்காய், வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் தகட்டில் நிறம் மாறத் தொடங்கின. எலுமிச்சம்பழம் எடுத்துவர அக்கா சமையல்கட்டுக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று திரும்பியது. மீனடுப்பில் தணல் சீறி எழுந்து, தகடு சூட்டில் நெளிந்து, வஞ்சிரத் துண்டுகள் ஒரு பக்கமாக வழுக்கின. பட்லர் ஓடிவந்து, இடுக்கியால் அவற்றை எடுத்துக் காய்த் தகட்டில் போட்டார். மீனெண்ணெய் கத்தரிக்காயைச் சுற்றி ஓடுவதை விசிறியும் கையுமாக நான் பார்த்தேன். மீன் வெந்ததும் பட்லர் அதை மட்டும் வெள்ளைத் தட்டுக்கு மாற்றிவிட்டு, காயை இரண்டு புரட்டுப் புரட்டினார்.

அக்கா திரும்பி வந்ததும் அவர் காதில் சொன்னேன். அவர் தகட்டைப் பார்த்தார், பட்லரைப் பார்த்தார். வேறு காய் நறுக்கிப் போடுகிறேன் என்றார். வேறு காய் இருக்கவில்லை. மேசையிலிருந்து துரைசானி கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வக்கீல் எங்கள் பக்கமே பார்த்தபடி இருந்தார்.

"வாயை மூடிக்கினு வேலையைப் பாரு. அவருக்கு இன்னா தெரியப் போவுது?" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார் பட்லர். தட்டை ஏந்திக்கொண்டு காயை அள்ளக் குனிந்தார்.

வாய்விட்டுச் சொன்னால் பட்லர் பிழைப்புப் போகும். விருந்தாளி எழுந்து போவார். அக்கா துணிகூடப் பிடிக்காமல் காய்த் தகட்டின் விளிம்பை வலக்கையால் பற்றித் தூக்கி, அத்தனையையும் தணலில் கவிழ்த்தார். கரியும் தீப்பொறியும் மேலே பறந்தன. தோல் பொசுங்கும் நாற்றம் எனக்கு வந்தது. அவர் முகம் மட்டும் அசையவில்லை.

துரைசானி ஓடிவந்தாள். அக்காவுக்குக் கைதவறிவிட்டது என்று பட்லரே இங்கிலீஷில் சொல்லிவிட்டார். கூடியிருந்த விருந்தாளிகள் முன்னால் அக்காவை வெளியே போகச் சொன்னாள். அக்கா பட்லரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் பின்கேட்டைத் தாண்டும்போது வக்கீலுக்கு யாரோ வாழைப்பழமும் சோடாவும் கொண்டுபோனார்கள். நடந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

வீட்டில் என் கணவர் குதித்தார். போன வேலை ஒரு பக்கம், வெந்த கை ஒரு பக்கம். நான் நடந்ததைச் சொன்னதும் கோபம் இன்னும் ஏறியது. "அந்த ஐயரு அவர் வூட்டு வாசப்படியில நம்மளை நிக்க வுடுவாரா? அவருக்கோசரம் கையைச் சுட்டுக்கினு வந்து நிக்கிறியே?"

அக்கா வலக்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"வுடமாட்டாரு" என்றார். "ஆனா என்னாண்ட கேட்டாரு. தனிதான்னு நான் சொல்லிக்கீறேன்."

என் கணவர் வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். நான் சோறு போட்டு வைத்தேன். அக்கா இடக்கையை நீட்டவும் தயங்கி, வலக்கையை மடக்கவும் முடியாமல் தட்டைப் பார்த்தபடி இருந்தார். என் கணவர் அவர் எதிரில் உட்கார்ந்து, மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து, முள் பார்த்து, ஒரு வாய் எடுத்து நீட்டினார். புண் ஆறும்வரை அக்காவுக்கு அவர்தான் ஊட்டினார். என்னை ஒருநாளும் ஊட்ட விடவில்லை.