குளிரறைக் கதவில் இருந்த பதிவு

அரச சேவையில் முப்பத்தாறு வருடம் இருந்து பிரதம இலிகிதராக ஓய்வுபெற்ற பிறகு, சரவணையில் வீட்டோடு மூன்று மாதம் இருந்தேன். அந்த மூன்று மாதத்துக்குள் மின்சாரப் பட்டியல், காணி உறுதி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை வரை எல்லாவற்றையும் திகதி வாரியாகக் கோவைப்படுத்தி முடித்தேன். பிள்ளைகள் இருவருக்கும் அப்போது முப்பது வயது கடந்திருந்தது. இனிக் கோவைக்குள் போடுவதற்குத் தான் ஒருத்திதான் மிச்சம் என்று மனைவி சொன்ன கிழமையில், ஊர்காவற்றுறையில் புதிதாகத் தொடங்கவிருந்த நண்டுத் தொழிற்சாலையின் முகாமையாளர் வீட்டுக்கு வந்தார். ஆவணக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று ஒரு பதவி இருப்பதாகச் சொன்னார். அது என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பெயரைக் கேட்டதுமே எனக்கான வேலை என்று தெரிந்துவிட்டது.

நெடுந்தீவு, அனலைதீவுப் பக்கமிருந்து படகில் வரும் நண்டை அவித்து, குளிரவைத்து, தசையைப் பிரித்து, தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழிற்சாலை அது. வாங்குகிறவர் நண்டைக் காண்பதற்கு முன்பே கடதாசியைக் கேட்பார். நண்டு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் அவிந்தது, குளிரறையில் எத்தனை பாகையில் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதற்கு ஒரு நடைமுறை. அந்த நடைமுறையை யார் மாற்றலாம் என்பதற்கு இன்னொரு நடைமுறை. நாற்பத்து மூன்றையும் நானே எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஆறு பிரதி அச்சடித்து, பிரதி இலக்கம் போட்டு, ‘கட்டுப்படுத்தப்பட்ட பிரதி’ என்ற சிவப்பு முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்கினேன். ஒரு சொல் மாறினாலும் பழைய ஆறையும் திரும்ப வாங்கி அழித்துவிட்டுப் புதிய ஆறைக் கொடுப்பேன். அவற்றை யாராவது வாசித்தார்களா என்று கேட்டால், பெற்றுக்கொண்டதற்குத்தான் என்னிடம் கையெழுத்து இருந்தது.

குளிரறையின் பொறுப்பில் இருந்தவர் ஊர்காவற்றுறையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண். நாற்பது வயதைத் தாண்டியவர். தகப்பன், தமையன், கணவன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். காற்றைப் பார்த்துப் போகத் தேவையில்லாத வேலைக்கு அந்த வீட்டிலிருந்து முதலில் வந்தவர் அவர்தான். தொழிற்சாலை தொடங்கிய நாள் முதல் ஆறு வருடமாக நாட்கூலி. ஏழாவது வருடம் சித்திரை முதலாம் திகதியிலிருந்து நிரந்தர நியமனம் என்று முகாமையாளர் எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருந்தார்.

அவித்த நண்டு நான்கு பாகைக்கு மேலே போகக் கூடாது. மணிக்கு ஒரு தடவை வெப்பமானியைக் கூடைக்குள் குத்திப் பார்த்துப் பதிவது அவருடைய வேலை. எட்டு மணித்தியாலத்துக்கு எட்டு எண். நாலரைக்குப் படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். நான் பச்சை மையால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். எட்டுக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரிபார்த்தல் என்று நினைத்திருந்தேன். அரச சேவையில் அதற்கு மேல் யாரும் என்னிடம் எதிர்பார்த்ததில்லை.

ஏழாவது வருடத் தொடக்கத்தில் வாங்குபவரிடமிருந்து கடிதம் வந்தது. இனிமேல் கடதாசிப் பதிவுகள் ஏற்கப்படமாட்டா, எல்லாம் கணினியில் இருக்கவேண்டும் என்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து அதற்கான ஏற்பாட்டைச் செய்தார். அதிகம் பேசாதவர். என்னுடைய நாற்பத்து மூன்று நடைமுறைகளையும் ஒரு பின்னேரத்துக்குள் உள்ளே ஏற்றிவிட்டார். அவற்றை எழுத எனக்கு ஒன்றரை வருடம் சென்றது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அச்சுப் பிரதிகளைத் திரும்பப் பெறும் வேலை என்னுடையது. இருநூற்று ஐம்பத்தெட்டில் இருநூற்று ஐம்பத்தேழு வந்து சேர்ந்தன. உப்புக் காற்றில் துருப்பிடித்த ஊசிகளின் கறை ஒவ்வொன்றின் மூலையிலும் பழுப்பாக இறங்கியிருந்தது. மற்றப்படி அநேகமானவை புதிதாக இருந்தன, ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. காணாமற்போன ஒன்றை மூன்று நாள் தேடி, ஆட்டம் போட்ட நிறுவைத் தராசின் கால் ஒன்றின் கீழே எட்டாக மடித்தபடி கண்டெடுத்தேன். அதை எடுத்தவுடன் தராசு திரும்ப ஆடியது. பதிலுக்கு ஒரு பலகைத் துண்டு வைக்கச் சொன்னேன். அச்சு இயந்திரத்தை வேறோர் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு முகாமையாளர் தனக்கு வரும் மின்னஞ்சல்களை வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிடத் தொடங்கினார். திரையில் இருப்பதை வாசித்தால் மனதில் நிற்பதில்லை என்றார்.

முன்பு படிவம் தொங்கிய இடத்தில், அதாவது நண்டு அவித்துப் பிரிக்கிற ஈரக்கூடத்துக்கு வெளியே சுவரில், தொடுதிரைக் கணினியான ஒரு டப்பைப் பூட்டினார்கள். குளிரறைப் பதிவை அதில் தொட்டுத் தொட்டுப் போடவேண்டும். கடதாசியில் இல்லாத ஒரு குணம் அதற்கு இருந்தது. எண் எந்த நேரத்தில் பதியப்பட்டது என்பதை நாங்கள் கேட்காமலே பக்கத்தில் குறித்துக்கொள்ளும்.

முதல் மாதம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்காரர் அந்த நேரங்களை எடுத்துக் காட்டினார். காலை எட்டு மணிப் பாகை பிற்பகல் நாலு மணி ஆறு நிமிடத்தில் பதியப்பட்டிருந்தது. ஒன்பது மணிப் பாகையும் நாலு ஆறு. பிற்பகல் மூன்று மணிப் பாகை நாலு எட்டு. அந்த மாதம் முழுவதும், ஞாயிறு தவிர, இப்படித்தான்.

வாங்குபவரின் பரிசோதகர் பத்து நாளில் வரவிருந்தார். முகாமையாளர் கதவைச் சாத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னார். அந்தப் பெண் பாகையைப் பார்க்காமலே மனம்போனபடி எழுதியிருக்கிறார் என்றும், பரிசோதகர் கண்டுபிடிப்பதற்கு முன்பு நாங்களே நடவடிக்கை எடுத்துவிட்டதாகக் காட்டவேண்டும் என்றும் சொன்னார். பொய்ப் பதிவு என்று ஒருவரை நிறுத்தினால், நிரந்தர நியமனம் போவது மட்டுமல்ல, மீன், நண்டு சம்பந்தப்பட்ட வேறெந்தத் தொழிற்சாலையும் அவரை எடுக்காது. இருவருக்கும் அது தெரியும். விளக்கம் கோரும் கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதிரியான கடிதங்களில் அது நேர்த்தியான ஒன்று என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அவரைக் கந்தோருக்குக் கூப்பிட்டு நானே கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

“பொய்ப் பதிவு எண்டு போட்டிருக்கு.”

“அது இன்னும் முடிவில்லை. விளக்கம்தான் கேட்டிருக்கு.”

“நான் மணிக்கு மணி பாக்கிறனான் ஐயா.”

“அப்ப ஏன் எட்டையும் ஒண்டாப் பதிஞ்சனீர்?”

“வேறை எப்பிடிப் பதியிறது? பேனையும் கடுதாசியும் உள்ளுக்குக் கொண்டு போகேலாது எண்டு நீங்கள்தானே எழுதி ஒட்டினனீங்கள்.”

அது ஒன்பதாம் இலக்க நடைமுறை என்றும், நான் கேட்பது இருபத்தேழாம் இலக்கத்தைப் பற்றி என்றும் விளக்கினேன்.

“எனக்கு இலக்கம் தெரியாது. ஆறு வருசமாப் பச்சைப் பேனையாலை சரி பாத்தாச்சு எண்டு எழுதினனீங்கள். ஒரு நாள் எண்டாலும் அந்தக் கதவைத் திறந்து பாத்தனீங்களோ?”

அவர் கடிதத்தை மடித்தார்.

“ஏழு நாளுக்குள்ளை விளக்கம் வேணுமாம். ஏழு நாளும் இருந்து யோசிச்சாலும் நான் இதைத்தான் சொல்லுவன். நீங்களே எழுதி வையுங்கோ ஐயா. உங்கடை எழுத்து எண்டால் வடிவா இருக்கும்.”

அவர் போன பிறகு இரண்டு நடைமுறைகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். இருபத்தேழு: வெப்பநிலையை அளந்த உடனேயே, அளந்த இடத்திலேயே, படிவத்தில் எழுதவேண்டும். ஒன்பது: கடதாசி, பேனை, வேறெந்த எழுதுபொருளும் ஈரக்கூடத்துக்குள் கொண்டுசெல்லக் கூடாது. குளிரறை ஈரக்கூடத்துக்குள் இருக்கிறது. இரண்டிலும் தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. இரண்டும் ஒரே நாளில் வெளியிடப்பட்டவை.

மறுநாள் பிற்பகல் இறப்பர்ச் சப்பாத்து, மேலங்கி, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு அளவான சப்பாத்து இருக்கவில்லை. நண்டு பிரிக்கிற பெண்கள் வேலையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்கள். குளிரறைக் கதவின் உட்பக்கத்தில், கைப்பிடியில் நைலோன் நூலால் ஒரு மார்க்கர் பேனை கட்டப்பட்டிருந்தது. அது ஒன்பதாம் இலக்கத்துக்கு மாறானது. அதற்குப் பக்கத்தில், இரும்புத் தகட்டில், எட்டு மணியிலிருந்து வரிசையாக எண்கள் இருந்தன. பன்னிரண்டு மணிக்கு நேரே 4.3 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. அதன் கீழே ‘ஐஸ் போட்டது’. அதன் கீழே பன்னிரண்டு இருபது, 3.6. பன்னிரண்டு இருபதுக்கு என்னுடைய படிவத்தில் கட்டம் கிடையாது. படிவத்தில் இருந்ததைவிடக் கதவில் அதிகம் இருந்தது.

நாலு மணிக்கு நண்டு பிரிக்கிற பெண்களில் ஒருவர் உள்ளே நின்று கதவைப் பார்த்து எண்களைக் கூவினார். குளிரறைப் பொறுப்பில் இருந்தவர் வெளியே நின்று டப்பில் பதிந்தார். இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு குளோரின் தண்ணீரால் கதவைக் கழுவினார்கள். நாள் முடிவில் எல்லா மேற்பரப்பையும் கழுவவேண்டும் என்பது பதினாலாம் இலக்கம். அதையும் எழுதியவர் நான்தான். உண்மையான பதிவு ஆறு வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் என்னுடைய கட்டளைப்படி அழிக்கப்பட்டு வந்திருந்தது. ஒவ்வொரு மணிக்கும் வெளியே வந்து பதிந்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். கழற்றி, கழுவி, பதிந்து, திரும்ப மாட்டி, கால்களை மருந்துத் தண்ணீரில் நனைத்து உள்ளே போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று என் மணிக்கூட்டில் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

முகாமையாளருக்குச் சொன்னேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர், அண்ணை என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

“அண்ணை, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா இதை வெளியிலை விட்டா, ஆறு வருசக் கையெழுத்தும் சும்மா வைச்சது எண்டெல்லோ வரும்?”

“ஓம். சும்மாதான் வைச்சனான்.”

“ஒரு ஆளோடை முடியிற விசயத்தை ஏன் பெருப்பிக்கிறீங்கள்? கடிதம் குடுத்தது குடுத்ததாகவே இருக்கட்டும்.”

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அரச சேவையில் இருந்தபோது, கோவை ஒன்றிலிருந்து ஒரு தாள் காணாமற்போவது எவ்வளவு இலகு என்று பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை அந்தத் தாளைக் கழற்றியவனே நான்தான். அந்தப் பழக்கத்தில், இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

ஆகவே தாளில் எழுதவில்லை. புதிய கணினி முறையில் குறைபாடு ஒன்றைப் பதிவதற்கு ஒரு பக்கம் இருந்தது. அதைத் திறந்தேன். குறைபாடு என்ற இடத்தில், ஒன்பதாம், இருபத்தேழாம் நடைமுறைகள் ஒன்றையொன்று மறுக்கின்றன, உண்மையான அளவுகள் குளிரறைக் கதவில் எழுதப்பட்டுத் தினமும் கழுவப்படுகின்றன, குளிரறைப் பதிவுகள் ஆறு வருடமாகச் சரிபார்க்கப்படவில்லை என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், நடைமுறையை எழுதியவர் வேலை நடக்கும் இடத்துக்குப் போகவில்லை என்று எழுதினேன். பொறுப்பானவர்: ஆவணக் கட்டுப்பாட்டு அலுவலர். விளக்கம் கோரிய கடிதம் மீளப்பெறப்படவேண்டும் என்றும் சேர்த்தேன். அது வாங்குபவரின் பரிசோதகருக்கும் தெரியும்படியான பக்கம். சமர்ப்பித்த பிறகு ஐந்து நிமிடத்துக்குள் முகாமையாளர் பக்கத்து அறையிலிருந்து நடந்து வந்தார்.

“அதை அழிக்கேலாதோ அண்ணை?”

“ஏலாது தம்பி. கேட்டுப் பாத்தனான்.”

உண்மையில் யாழ்ப்பாணத்துக்காரரிடம் அதை முதலே கேட்டுவைத்துவிட்டுத்தான் எழுதினேன்.

பரிசோதகர் வந்த நாளில் காற்று பலமாக இருந்ததால் நெடுந்தீவுப் படகு பிந்தியது. கூடைகள் பாதிதான் நிரம்பியிருந்தன. அவர் கோவைகளையோ திரையையோ பார்க்கவில்லை. கதவைக் காட்டச் சொன்னார். பதினொரு மணிக்கு அந்தப் பெண் வெப்பமானியைக் குத்திப் பார்த்துக் கதவில் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். தன்னுடைய வெப்பமானியாலும் குத்திப் பார்த்தார். இரண்டும் ஒரே எண். கதவைப் படமெடுத்தார். பிறகு என்னிடம் திரும்பி, சரிபார்த்தேன் என்று கையெழுத்து வைத்த நாட்களில் எத்தனை நாள் இங்கே வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு நாளும் இல்லை என்று சொன்னேன். வேறு கேள்வி கேட்கவில்லை.

அறிக்கை கடுமையாகத்தான் இருந்தது. ஆறு வருடக் குளிரறைப் பதிவுகள் செல்லாதவை. மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு ஏற்றுமதியையும் வெளி ஆய்வுகூடத்தில் சோதித்துக் காட்டவேண்டும். தண்ணீர் புகாத உறையில் ஒரு டப்பைக் குளிரறைக்குள்ளேயே பூட்டவேண்டும். சரிபார்க்கும் அதிகாரம் கூடத்துக்குள் வேலை செய்யும் ஒருவரிடம் இருக்கவேண்டும். பணியாளர் எவர் மீதும் தவறு காணப்படவில்லை.

என்னுடைய ஒப்பந்தம் ஆனி மாதத்தோடு முடிந்தது. புதுப்பிப்பதைப் பற்றி முகாமையாளர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசிக் கிழமையில் எழுதியவற்றில் ஒன்று அந்தப் பெண்ணின் நிரந்தர நியமனக் கடிதம். சரிபார்க்கும் அதிகாரமும் அதில் சேர்ந்திருந்தது. ஊரில் இருந்த ஒரு கடையில் அச்சடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

இந்தமுறை கதிரையில் இருந்து, மூன்று பக்கத்தையும் ஒவ்வொரு வரியாக வாசித்தார். கையெழுத்துக்குப் பேனையைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

“நியமனம் ஆனி முதலாம் திகதியிலை இருந்து எண்டு கிடக்கு.”

“ஓம். இந்த மாசம்தானே.”

“மற்றக் கடிதத்தைத் திருப்பி எடுத்தாச்செல்லோ?”

“எடுத்தாச்சு.”

“எடுத்தா அது குடுக்காத மாதிரித்தானே, ஐயா? அது இல்லாட்டி எனக்குச் சித்திரை முதலாம் திகதி. பிறகேன் ஆனி?”

மீளப்பெறப்பட்ட கடிதம் வழங்கப்படாததாகவே கருதப்படும் என்பது விதி. அதை நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. திரும்பக் கடைக்குப் போய், திகதியைத் திருத்தி அச்சடித்து, முகாமையாளரிடம் புதிதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் மூன்று பக்கத்தையும் முதலிலிருந்து திரும்ப வாசித்தார். வாசித்து முடித்த பிறகு கையெழுத்து வைத்தார்.