பச்சைக் கட்டம்

நானும் அண்ணியும் ஆரம்பித்த இட்லி மாவு யூனிட் முதல் நாளே படுத்ததற்கு அந்த ஆலோசகர்தான் காரணம். சிறுதொழில் பயிற்சியில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர். கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் டேப்லெட். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு கட்டம் இருக்கும். வேலை முடிந்தால் பச்சை; அது எங்கள் போனிலும் தெரியும். பச்சையாக்கியதும் சட்டை நுனியால் திரையைத் துடைப்பார்.

'மும்முனை மின்சாரம்' பச்சையானதை என் போனில் பார்த்துத்தான் அண்ணி வீட்டில் டிரம் டிரம்மாக அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டார். மறுநாள் காலை ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு மாவு போக வேண்டும். எங்களுக்கு இருந்தது அந்த ஒரே ஆர்டர். கும்மிடிப்பூண்டி ஷெட்டில் சுவிட்சைப் போட்டால் கிரைண்டர் அசையவில்லை. கம்பத்திலிருந்து ஒயரே இழுக்கவில்லை.

அவரை வரவழைத்தோம்.

"லைன்மேன்கிட்ட போன்ல சொல்லிட்டேனேம்மா. அதோட என் டாஸ்க் முடிஞ்சுது."

"இன்னா சார், சொல்லிட்டா கரண்டு வந்துருமா? அந்த டேப்லெட்லயே மாவ ஆட்டிக் குடுத்துட்டுப் போங்க!" என்றார் அண்ணி.

அவர் கோபப்படவில்லை. 'மின்சாரம் ஏன் வரவில்லை' என்று புதுக் கட்டம் திறந்து, அதைச் செய்து முடிக்க வேண்டியவர் என்று என் பெயரைப் போட்டார். திரையைத் துடைத்தார். பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. ஊறினது எல்லாம் புளித்துப்போனது. கேன்டீன்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்.

சார், அந்த 'மும்முனை மின்சாரம்' கட்டம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அடுத்த பயிற்சி திருவள்ளூரில் நடத்தப் போகிறீர்களாம். அங்கே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: ஒயர் இழுக்காத ஷெட்டுக்கு எதைப் பார்த்துப் பச்சை போட்டீர்கள்?