மாஸ்டர் வராத சனிக்கிழமை

ஓஸ்வால்ட் மாஸ்டர் மேல் எனக்கு எரிச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய உண்டு. விவேக் நகரில் எங்கள் நேசக்கரம் சேவை கிளப்பின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருமுறை மட்டம் போட்டால் போதும், மறுநாள் காலையில் மனிதர் வாசலில் நிற்பார். கையில் பேக்கரியில் வாங்கிய தில்பசந்த், உள்ளே தேங்காய்ப் பூரணம் சூடாக இருக்கும். "என்ன மேன், உடம்பு சரியில்லையா, இல்ல எங்க மேல கோபமா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குச் சர்க்கரை. அதனால் நாம் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்த பிறகு தனியாள். வராதவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளப் விதிகளில் எங்கும் கிடையாது. அவராகக் கொண்டுவந்த வழக்கம்தான் அது. பிள்ளைகளுக்குப் பை, பெரியவர்களுக்குக் கண்ணாடி என்று நாங்கள் கொடுத்ததையெல்லாம் விட எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது இந்தத் தில்பசந்த்தான்.

கிளப்பில் அவரை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள் நோரா. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவர், பக்கத்து ஏரியாவான ஈஜிபுராவில் மகள் ஆஞ்சலாவோடு இருந்தார். சண்டை போட்டுப் போட்டே இருவரும் நெருங்கிய சிநேகிதர்கள் ஆகியிருந்தார்கள்.

கொரோனாவில் ஹாலை மூடியதும் கூட்டம் வீடியோ காலாகப் போனுக்குள் போயிற்று. மாஸ்டர்தான் எங்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவார். திரையில் பேர் தெரிந்தால் ஆள் வந்தாயிற்று என்று கணக்கு. படுத்துக்கொண்டே வரலாம், குழம்பு கிண்டிக்கொண்டே வரலாம் என்றான பிறகு யார் மட்டம் போடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை தில்பசந்த் நின்றுபோனது. எங்களில் பாதிப் பேருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டாவது அலையில் திரையில் நோராவின் கட்டம் மட்டும் இருட்டாகவே இருந்தது. "கேமரா ரிப்பேர், மாஸ்டர்" என்று எழுதிப் போட்டிருந்தார். பேர்தான் இருக்கிறதே என்று மாஸ்டரும் விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை கூட்டம் தொடங்கியும் நோராவைக் காணோம். கிளப் ஏற்பாடு செய்த ஆக்ஸிஜன் மெஷின்களில் ஒன்றுதான் மிச்சம், அதை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு ஓடியது. மாஸ்டர் காதில் எதுவும் ஏறவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து மாஸ்க்கை மாட்டி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க மாஸ்டர்? வெளிய போலீஸ் நிக்குது" என்றாள் எங்கள் தலைவி லாவண்யா.

"நோரா வரலம்மா. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

அதற்குள் நோராவின் பேர் வந்து நின்றது. மாஸ்டர் உள்ளே விட்டார். ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, "லேட்டா வந்தாலும் பிரசென்ட்தான்" என்று சிரித்தார்.

மெஷினை ஆட்டோ ஓட்டும் பச்சைமுத்துவுக்குக் கொடுக்கலாம் என்று எல்லோரும் கட்டைவிரல் காட்டினோம். நோராவின் கட்டத்திலும் கட்டைவிரல் வந்தது. பச்சைமுத்து பிழைத்துக்கொண்டார். நோரா அடுத்த கூட்டத்துக்கு முன்பே இறந்துபோனார்.

அடக்கத்துக்கும் எங்களை விடவில்லை. கெடுபிடி தளர்ந்ததும் மாஸ்டர் தில்பசந்த் வாங்கிக்கொண்டு ஈஜிபுராவுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஆஞ்சலா அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"அன்னிக்கு அம்மாவால தலையே தூக்க முடியல அங்கிள். நான் ஆஸ்பத்திரி பெட்டுக்காக போன் மேல போன் போட்டுட்டு இருந்தேன். முதல்ல மீட்டிங்ல என்னைச் சேர்த்து விடுடின்னாங்க. இல்லன்னா மாஸ்டர் கிளம்பி வந்துடுவாரு, சுகர் இருக்கிற உடம்பு, ஒட்டிக்கிச்சுன்னா தாங்க மாட்டாருன்னு சொன்னாங்க. மெஷினை நமக்குக் கேக்கலாம்மான்னேன். அந்தாளுக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு, நமக்கு பெட் கிடைச்சிடும்னுட்டாங்க. கட்டைவிரலும் அவங்க சொல்லித்தான் நான் போட்டேன்."

மாஸ்டர் பொட்டலத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்து, ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது.

"போயிருந்தா உங்களுக்கும் வந்திருக்கும் மாஸ்டர்."

"வந்திருக்கட்டுமே, மேன். நான் வந்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல."