கொலுப்படியில் தங்கப்பொடி

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வேதியியல் படித்துவிட்டு அதையெல்லாம் நம்பினால் சிரிப்பார்கள். ஆனாலும் போன நவராத்திரி சமயம் ஒரு மின்னஞ்சலைப் படித்துவிட்டு, அடையாற்றில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் எல்லா விளக்குகளையும் பட்டப்பகலில் போட்டேன்.

எழுதியவர் ஒரு வெளிநாட்டு ஆய்வாளர். நானும் என் தோழியும் வெளியிட்ட கட்டுரையில் உள்ளபடியே செய்து பார்த்தும் அந்தச் சிவப்பு ஒளி தங்களுக்கு வரவில்லை என்றார். கடைசியில் ஒரு வரி: "உங்கள் தோழி போன வாரம் பதில் எழுதினார். மாதிரியை விரைவில் அனுப்புவதாகச் சொன்னார். அவருக்கு என் நன்றி."

என் தோழி இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எங்கள் வேலை தங்கத்தில்தான். ஆனால் நகைக்கடைத் தங்கம் இல்லை. சில பத்து அணுக்கள் மட்டும் ஒன்றுகூடினால் தங்கம் தங்கமாகவே இருக்காது. மஞ்சளும் போய்விடும், மினுக்கும் போய்விடும். பார்த்தால் நாட்டுச்சர்க்கரை மாதிரி ஒரு பழுப்புப் பொடி. ஊதா வெளிச்சத்தைக் காட்டினால் மட்டும் உள்ளிருந்து சிவந்து எரியும். முட்டை வெள்ளைக்கருவில் தங்க உப்பைக் கலந்து, உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்து அதைச் செய்தவள் என் தோழி. நான் செய்தால் மங்கல்தான். சமையலில் கைமணம் என்றால் ஒப்புக்கொள்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையில் அதை எப்படி எழுதுவது?

அந்தக் கட்டுரையை எங்கெங்கிருந்தோ மேற்கோள் காட்டினார்கள். செய்து பார்த்துவிட்டா காட்டினார்கள் என்று கேட்காதீர்கள். ஒருவர் காட்டினார் என்று இன்னொருவர் காட்டுவார். அவள் போன பிறகும் இணையத்தில் அவள் பெயருக்கு நேரே மேற்கோள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

சொன்னபடி இப்போது பொடி போகாவிட்டால் கட்டுரையே பொய் என்றாகிவிடும். முதல் பெயர் அவளுடையது, எதிர்த்துப் பேச அவள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவள் செய்த பொடி தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது மயிலாப்பூரில், அவள் அம்மாவிடம், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில்.

"இன்னா மேடம், மொகமெல்லாம் வேர்த்துக்கினு கீது? பேயி கீயி பாத்துட்டியா?" என்றார் ஆட்டோக்காரர். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

மாமி வீட்டில் கொலு வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியேற வேண்டும் என்பது வழக்கம். மகள் டாக்டர் பட்டம் வாங்கிய வருஷம் மாமி பொம்மை வாங்கவில்லை. அவள் கொடுத்த குப்பியைத்தான் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் ஊதா டார்ச் அடித்துக் காட்டிவிட்டுத்தான் சுண்டலே கொடுப்பார். வெங்காயம்கூட யோசித்து நுழையும் வீடு அது. முட்டை விஷயத்தைப் பற்றி நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

குப்பி அதே படியில் இருந்தது. பக்கத்தில், சார்ஜில் போட்டபடி, தோழியின் போன்.

"மாமி, இதுலேர்ந்து யாருக்காவது பதில் போட்டீங்களா?"

"போட்டேனே" என்றார் சாதாரணமாக. "மணி அடிக்கும். தொறந்தா யாராவது ஏதாவது கேட்டிருப்பா. கீழ மூணு பதில் அதுவே எழுதி வெச்சிருக்கும். அவ எதைச் சொல்லுவாளோ அதைத் தொடுவேன். அவ்வளவு தூரத்துலேர்ந்து கேக்கறா, வாயை மூடிண்டு இருந்தா நன்னாவா இருக்கும்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த மின்னஞ்சல் முகவரியையே மூடிவிட வேண்டும் என்றுதான் போனைக் கையில் எடுத்தேன். போயிருந்த பதில்களைப் படித்தேன். எல்லாம் அவள் பேச்சு. அதே வெட்டு, அதே அவசரம். பழைய கடிதங்களைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

"பொடி அனுப்பறேன்னு பதில் போயிருக்கு மாமி. இருக்கறது இது ஒண்ணுதான். அணுவை எண்ற கருவியில போட்டா திரும்பி வராது."

மாமி குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொல்லிட்டாளோன்னோ, அனுப்பணும். விஜயதசமி ஆகட்டும்."

விஜயதசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள்தான் கொலுவைக் கலைப்பார்கள். அந்த மறுநாள் நான் போனபோது பொம்மைகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. குப்பிதான் படுத்திருந்தது, மேலே ஒரு கைக்குட்டை போர்த்தியபடி. "நன்னா தூங்கியாச்சு. எடுத்துக்கோ" என்றார் மாமி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்கழியில் சேதி வந்தது. சிவப்பு தெரிந்தது, அணுக் கணக்கும் சரி, தங்கள் புதுக் கட்டுரையில் எங்களுடையதை மேற்கோள் காட்டுகிறார்களாம். நேரில் சொல்லலாம் என்று மாமி வீட்டுக்கு ஓடினேன். நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மணி அடித்தது. அதே ஆய்வாளர், அவளுக்குத் தனியாக எழுதியிருந்தார்: நன்றி, நலமாக இருக்கிறீர்களா? அவள் இறந்ததை அவருக்கு எழுத ஒவ்வொரு முறையும் உட்காருவேன், கை வராது.

"கண்ணாடியைக் காணோம்" என்று மாமி போனை என்னிடம் நீட்டினார். "எது அவ சொல்லுவாளோ அதை நீயே தொடு."

மூன்றையும் படித்தேன். நடுவில் இருந்தது: "நலம். இன்னும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், செய்து அனுப்புகிறேன்." அவள் அதைத்தான் சொல்லுவாள். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முட்டை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.