மணவீட்டில் ஒலிக்காத பாட்டு

கீழக்கரைப் பாடகர் குழுவொன்று முன்னொரு காலத்தில் வெளியிட்ட இசைத்தட்டை மீண்டும் மக்களிடம் கொண்டுவரச் சென்னை நிறுவனம் ஒன்று முன்வந்தது. பாடல்களின் சொற்களைச் சரிபார்த்து எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. மூல ஒலிநாடா அழிந்துவிட்டது. நான்கு பாடல்களில் மூன்றைக் குழுவினர் சேர்ந்து பாடியிருந்தனர். கடைசிப் பாடலை மட்டும் தலைமைப் பாடகர் தனித்துப் பாடினார். கடலில் மாண்டோர்க்கான இரங்கற்பாட்டு அது. தம் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் மறைந்துவிட்டார். தந்தையின் குரலைத் தனியே கேட்க, இன்று முதிய அம்மையாராகிவிட்ட அம்மகளுக்கு இருந்த ஒரே வழி அப்பாட்டு.

இராமநாதபுரத்தில் திருமண வீடுகளுக்கு ரேடியோ செட் வாடகைக்கு விடும் முதியவர் ஒருவரிடம் அத்தட்டு இருப்பதறிந்து, அம்மையாரும் ஒலிப் பொறியாளரும் நானும் சென்றோம். உறையை நீக்கியதும் திகைத்தோம். கடைசிப் பாட்டின் தடத்தின்மேல் வளையமாக வெட்டிய காகிதம் ஒட்டப்பட்டிருந்தது.

"கல்யாண வீட்ல ஒப்பாரி கேட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரக சும்மா விடுவாகளா?" என்றார் முதியவர். "நாங்க பந்தில உக்காந்திருப்போம், தட்டுல ஓடுற முள்ளைத் தூக்க ஆளிருக்காது. அதான் எங்கய்யா மைதாப் பசையப் போட்டு ஒட்டிப்புட்டாரு. முள்ளு அதுல ஏறி வழுக்கிரும், பாட்டு கேக்காது."

"எங்க வாப்பா வாயை அடைச்சுப்புட்டு, ஊரெல்லாம் கல்யாணச் சோறு தின்னிருக்கீக" என்றார் அம்மையார்.

"தின்னோந்தாம்மா. கீழக்கரைச் சோத்தை வேண்டாம்னு சொல்ல ஏலுமா?"

அம்மையார் சிரித்தார், பார்வை மட்டும் தட்டைவிட்டு அகலவில்லை.

மற்ற மூன்று பாடல்களும் இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடந்தன. எத்தனையோ திருமணங்கள் அவற்றைத் தேய்த்திருந்தன. பொறியாளர் ஈரப் பஞ்சால் பசையை இளக்கிக் காகிதத்தைச் சிறிது சிறிதாக உரித்தார். அடியில் தடம் பிழைத்திருக்குமா என்பதை அவராலும் சொல்ல இயலவில்லை. துடைத்து உலர்த்தி, முள்ளை வைத்தார்.

முதலில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு குரல் எழுந்தது. கீறலில்லை, கரகரப்பில்லை, நேற்றுப் பதிவு செய்ததுபோல் இருந்தது. அமங்கலம் என்று அஞ்சி ஒட்டிய காகிதம், முள் படாமல் அக்குரலை முழுமையாகக் காத்துவைத்திருந்தது. சொற்களைக் குறித்துக்கொள்ள வந்த நான் ஒரு சொல்லையும் எழுதவில்லை. மறுமுறை ஒலித்தபோதும் எழுதவில்லை. முதியவர் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"பாட்டு அருமையா இருக்கும்மா. முன்னாடி வர்ற மூச்சுச் சத்தத்தை மட்டும் நீக்கிரலாம்" என்றார் பொறியாளர்.

அம்மையார் உடனே நிமிர்ந்தார்.

"பாட்டுல எதை வேணும்னாலும் சரிபண்ணுங்க தம்பி. மூச்சுல கைவைக்காதீக."

வெளிவந்த பதிப்பில் அது அப்படியே இருக்கிறது.