வெறுங்கட்டைக்கும் சந்தனம்

பெண்களுக்குப் பௌதிகம் வேண்டாம், அந்த நேரத்தில் தையல் நடக்கட்டும் என்றார் எங்கள் பள்ளித் தாளாளர். ஒரு சோதனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார். ஆனாலும் கால அட்டவணை எழுதும் கரும்பலகையில் அன்றைக்கே ‘தையல்’ ஏறிவிட்டது.

யுத்த காலம். சென்னையிலிருந்து கருவி எதுவும் வராது. வேண்டியவை: ஒரு பலகை, ஒரே மரத்தில் ஒரே அளவாக அறுத்த இரண்டு கட்டைகள், ஒன்றின் மேல் கட்ட ஒரு கல், சாய்வை அளக்க அட்டையும் நூல்குண்டும். மரச் சாமான்கள் பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்து மரக்கடையில் கிடைத்தன. பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினால் இரண்டு கட்டைகளும் ஏறக்குறைய ஒரே சாய்வில் வழுக்கின. கனத்துக்கு அதில் பங்கில்லை. பூசை விடுமுறைக்கு முன்பே பலமுறை பார்த்து வைத்திருந்தேன்.

விடுமுறை முடிந்ததும் தாளாளர் வந்தார். எந்தக் கட்டை முதலில் வழுக்கும் என்று கேட்டேன்.

“கனமானது அழுத்தி உட்காரும் டீச்சரம்மா. மூட்டை இழுக்கிறவனைக் கேட்டாச் சொல்லுவான்.”

பலகையை உயர்த்தினேன். வெறுங்கட்டை வழுக்கியது. கல் கட்டியது அசையவில்லை.

“சொன்னேனுங்களா? தையல் மெஷினுக்கு ஆள் அனுப்பிடலாம்.”

அசையாத கட்டையைத் திருப்பினேன். அடியில் திட்டாகக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். யார் வைத்தது என்றேன். முன் வரிசைப் பெண் எழுந்தாள்.

“ஆயுத பூசைக்கு வெச்சோம்ங்க டீச்சர். கட்டையோட பக்கவாட்டுல நீங்க சாக்பீஸ்ல எழுதியிருந்தீங்க, அது அழியக் கூடாதுன்னு அடியில வெச்சோம்.”

மற்றதற்கு ஏன் வைக்கவில்லை?

“அது வெறுங்கட்டைதானுங்களே.”

கழுவத் தண்ணீர் எடுத்தேன். பூசைச் சந்தனத்தைத் தன் கண்ணெதிரே கழுவக் கூடாது என்று தாளாளர் தடுத்தார்.

“கழுவலைங்க. மத்ததுக்கும் வெச்சுடறோம்” என்றேன்.

அதே அளவுத் திட்டாக வெறுங்கட்டையின் அடியிலும் சந்தனம் பூசச் சொன்னேன். அந்தப் பெண் குங்குமத்தையும் மறக்கவில்லை. வெயிலில் காய வைத்தோம். அவர் கிளம்பப் பார்த்தார். சோதனை இன்னும் முடியவில்லை என்று சொல்லி மோர் வரவழைத்தேன்.

இம்முறை பலகையைக் கூடுதலாக உயர்த்த வேண்டியிருந்தது. ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வழுக்கின. அவரே கல்லை அவிழ்த்து மற்ற கட்டையில் கட்டிப் பார்த்தார். அப்போதும் அப்படியே.

அவர் மோர் டம்ளரை எடுத்தார். நான் அனுமதி கேட்கவில்லை. கரும்பலகையில் ‘தையலை’ அழித்துப் ‘பௌதிகம்’ என்று பெரிதாக எழுதினேன், அவர் மோரைக் குடித்து முடிப்பதற்குள்.